அக்கா நாலு சொன்னால்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது. பொய். துணி காய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜெயங்கொண்டத்தில் எங்கள் மாடியில் நின்றால் பள்ளிக்கூட மைதானம் முழுசாகத் தெரியும். அது என் குற்றமில்லை, வீட்டைக் கட்டிய கொத்தனாரின் குற்றம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'முந்திரிக் காட்டிலிருந்து வந்த மாலைக் காற்று...' வேண்டாம். காற்றா பந்து ஆடியது?

மறுபடி. பி.டி. டீச்சர் சுமதி ஜூன் மாதத்திலிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார்.* கால்பந்துப் பயிற்சி முடிந்ததும் பெண்கள் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று, இன்றைக்கு உடம்பு எவ்வளவு பாடுபட்டது என்று பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். அதை ஆடிய நிமிடங்களால் பெருக்கி எழுதுவார். வாரக் கூட்டுத்தொகை திடுமென ஏறினால் அடுத்த வாரம் ஓட்டத்தைக் குறைப்பார்.

நோட்டு முழுக்க நாலு. நாலு, நாலு, மூணு, நாலு. பிள்ளைகள் நன்றாகத் தாங்குகிறார்கள் என்று டீச்சர் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார்.

(* நோட்டை எப்படிப் பார்த்தாய் என்று கேட்காதீர்கள். திறந்துதான் கிடந்தது. கிட்டத்தட்ட.)

3

தென்றலைப் பாவப்பட்ட பெண்ணாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் தெருக் கலியம்மாளின் மகள், பதினைந்து வயதுத் திமிர். நவம்பரில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு என் வாசலைக் கடந்தபோது இடது காலை நொண்டி... அப்படி எழுதினால் சண்டைக்கு வருவாள். அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"என்னடி காலுல?"

"ஒண்ணுமில்ல அத்த. உங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

"இருந்தா உன்கிட்ட ஏன் பேசுறேன். கொடத்த எறக்கு."

முழங்காலுக்குக் கீழே எலும்பை நான் தொட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரமாக வலியாம்.

"அப்ப ஏண்டி நாலுன்னு சொன்ன?"

"கலைமணிக்கா கேப்டன். வரிசையில மொத ஆளு. அவங்களே நாலுன்னா நான் எட்டுன்னு சொல்றதா? மரியாத வேணாம்?" பிறகு குரல் இறங்கியது. "ஞாயித்துக்கெழம அரியலூர்ல மாவட்ட செலக்‌ஷன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்த."

4

[நான் சொல்லாமல் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் தென்றல் மூன்று கோல் போடுகிறாள். எலும்புதான் ஒத்துழைக்கவில்லை. அடித்துவிட்டேன்.]

என் வாயில் ரகசியம் தங்கியதாக இந்தத் தெருவில் சரித்திரம் இல்லை. அரைமணியில் டீச்சர் வீட்டில் இருந்தேன். ஸ்கேனில், எலும்பில் மயிரிழை விரிசல். இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தால் முறிந்தே போயிருக்கும் என்றார் டாக்டர். எட்டு வாரம் ஓய்வு. செலக்‌ஷன் போயிற்று.

டீச்சர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு மாசமா இதுங்க மரியாதையப் போயி பெருக்கிக்கிட்டு இருந்திருக்கேன் வேணிக்கா."

மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தியும் தனியாக வந்து காதோடு சொல்ல வேண்டும். கேப்டன் கலைமணி சொன்ன முதல் எண் ஒன்பது.

5

நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடமாக ஊர்க்கதை பேசிய வாய், ஒரு காலைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் நன்றி கொத்தனாருக்கு. அடுத்து டீச்சருக்கு, நோட்டைத் தூக்கி எறியாமல் கேட்கும் விதத்தை மாற்றியதற்கு. கலியம்மாள் வறுத்த முந்திரி கொடுத்தனுப்பினாள். தென்றல் மட்டும் பேசவில்லை. இரண்டு மாதம், என் வாசல் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி மைதானத்தில் இறங்கினாள். வீடு திரும்பும்போது என் பக்கமாகவே வந்தாள். நிற்கவில்லை.

"இன்னிக்கு ஏழு. யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க அத்த."

உங்களிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அவள் தேர்வாவாளா என்று நான் எழுதப்போவதில்லை. என் மாடியிலிருந்து அரியலூர் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், முன்னால் நிற்பவர் என்ன எழுதினார் என்று பார்க்காமல்.