மிங்குன் தூபிக்கு ஒரு பூச்சு

சிமெண்ட் வியாபாரி ஊ தவுங் செயின் மாந்தலேயிலிருந்து படகேறி வந்து மிங்குன் கரையில் இறங்கிய அன்றைக்கே வடைக்காரி யின் நுவேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஆனால் தூபியின் செங்கல் சுடுமே என்று காலுறையோடு நடந்தார்.

"ஐயா, அதையும் கழட்டுங்க" என்றாள் யின் நுவே, எதிர்ப்பக்கம் இருந்த தன் வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"கல்லு கொதிக்குதும்மா."

"எங்க காலு மட்டும் என்ன இரும்பா? கழட்டுங்க, கழட்டுங்க."

கழற்றினார். குதித்துக் குதித்து நடந்து, கிழக்கு முகத்தில் உச்சியிலிருந்து அடிவரை வாய் பிளந்து நிற்கும் அந்தப் பெரிய பிளவைத் தடவிப் பார்த்தார். அந்தக் காலத்து ராஜா பாதியில் கட்டாமல் விட்டதை நான் முடித்துக்காட்டுகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டார். பிளவைச் சிமெண்டால் மூடுவது, வெள்ளை பூசுவது, தலையில் ஒரு தங்கக் குடை. அப்புறம் சாகும்வரை ஊரார் அவரைப் 'பயா தகா', அதாவது தூபி கட்டிய தர்மவான், என்று சேர்த்துத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படாத பணக்காரன் அந்த நாட்டில் உண்டா என்ன!

செய்தி ஊருக்குள் பரவியதும் பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குக் கிலி. இந்தத் தூபி முடிந்தால் ராஜ்யம் முடிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் குறி சொன்னார்களாமே! "ராஜ்யம் போய் எத்தனையோ காலமாச்சு, இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

யின் நுவேக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது. வீட்டில் புருஷன் கோ நியோவின் தட்டில் சோற்றைப் பொத்தென்று வைத்தாள்.

"பூமி குலுங்கி ரெண்டா பிளந்தும் விழாம நிக்குது. அதைப் பாக்கத்தானே கடல் தாண்டி வர்றாங்க? சிமெண்டு பூசின சுவத்தைப் பாக்க எவன் வருவான்? மாட்டு வண்டிக்கு டாக்ஸின்னு பேரெழுதி வெச்சிருக்கியே, அதுல எவன் ஏறுவான்?"

"மேலிடத்துல எல்லாம் பேசி முடிச்சிட்டாராம். வடை சுடுறவ, நீ என்ன பண்ணிடுவே?"

"தானம் கொடுக்கிறன்னிக்கு நான் சாது சொல்ல மாட்டேன்."

கோ நியோவின் கை வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. தானம் கொடுப்பவர் நீர் வார்த்து, என் புண்ணியத்தில் எல்லாரும் பங்கெடுத்துக்கொள்ளுங்கள் என்பார். ஊர் மூன்று முறை 'சாது', அதாவது நல்லது, என்று சொல்லும். உடனே மணி அடிக்கும். அதோடுதான் தானம் நிறைவாகும். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்களை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, அன்றைக்கு மணியடிக்கும் கௌரவம் அவனுக்கு.

"அடுத்தவன் புண்ணியத்தைப் பாத்து வயிறெரிஞ்சா பேயாப் பொறப்பேடி!"

"பொறந்துட்டுப் போறேன். அந்தப் பிளவுக்குள்ளயே குடியிருப்பேன். நீ மூடாம பாத்துக்க."

மறுநாளிலிருந்து வடை வாங்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. "நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். பாவம் வந்தா என்னோட போகட்டும்" என்று பொட்டலத்தை நீட்டினாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. வாங்கிப் போனவர்கள் அந்தப் பிளவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

தானத்தன்று தூபிக்கு எதிரே பந்தல். ஒருபக்கம் சிமெண்ட் மூட்டைகள் மலையாக. இன்னொருபக்கம் தேங்காய்ப்பாலில் கவுசுவே நூடுல்ஸ் கொதிக்கும் அண்டாக்கள். ஊரே குளித்து, புது லுங்கி உடுத்தி வந்து உட்கார்ந்தது. யின் நுவே முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடத்துப் பெரிய பிக்கு ஓதி முடித்தார். ஊ தவுங் செயின் வெள்ளி ஜாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வார்த்தார்.

"என் புண்ணியத்தை எல்லாரும் சமமா எடுத்துக்குங்க!"

யாரும் பேசவில்லை. பின்னால் யாரோ பழக்கதோஷத்தில் "சா" என்று ஆரம்பித்து இருமலாக மாற்றிக்கொண்டார். கோ நியோ மணியடிக்கும் கட்டையைப் பிடித்தபடி வியர்த்து நின்றான்.

காதில் விழவில்லையோ என்று ஊ தவுங் செயின் மறுபடி உரக்கச் சொன்னார். மறுபடியும் அமைதி. முகம் சிவந்துவிட்டது. "சரி, எழுந்து சாப்பிடுங்க!" என்று கத்தினார். ஒருத்தர்கூட எழவில்லை. அண்டாக்கள் மட்டும் கொதித்தன. அன்னதானத்தைத் தொட ஆளில்லை என்றால் அதைவிட என்ன அவமானம் வேண்டும்?

பெரிய பிக்கு மெதுவாகச் சொன்னார்: "நீங்க குடுத்தாச்சு. அவங்க வாங்கிக்கல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலாமே?"

கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் யின் நுவே கைகூப்பி ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயா, இது ராஜா வெச்ச தூபி. பழசுக்குப் பூசினா புண்ணியம் முதக்கல்லு வெச்சவருக்குத்தான் போகும். உங்க சிமெண்டு, ராஜாவுக்குப் புண்ணியம். இது நியாயமா?"

பந்தலில் குபீரென்று சிரிப்பு.

"பூமி குலுங்கினப்போ எங்க முப்பாட்டன் வீடெல்லாம் மண்ணாப் போச்சு. இது மட்டும் நெஞ்சு பிளந்தும் நின்னுது. அது எங்க பிளவு ஐயா. மூடாதீங்க."

"அப்ப இத்தனை மூட்டையை ஆத்துல கொட்டவா?"

"ஆத்தோரம் முதியோர் இல்லம் இருக்கு. தரை பேந்து கிடக்கு, கிழங்கட்டைங்க தடுக்கித் தடுக்கி விழுதுங்க. அங்க பூசுங்க."

அவர் தூபியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, அத்தனை பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தரை போட்டவனை யாரும்மா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"அங்க இருக்கறவங்க வாய் நிறையக் கூப்பிடுவாங்க ஐயா. கல்லா கூப்பிடப்போகுது?"

அவர் ஜாடியை மறுபடி கையில் எடுத்தார். முதியோர் இல்லத்துத் தரைக்கென்று சொல்லி நீர் வார்த்தார்.

"சாது! சாது! சாது!" ஊர் போட்ட சத்தத்தில் பிளவுக்குள் இருந்த புறாக்கள் அத்தனையும் கிளம்பின. கோ நியோ மணியை உடைத்துவிடுவதுபோல் அடித்தான்.

யின் நுவேக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. ஊர் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம், அத்தனை நாள் கிட்டே அண்டாத பயம், அப்போதுதான் மொத்தமாக வந்து அவளைப் பிடித்தது. கண்ணீர் கொட்டியது.

"இப்பவுமா சொல்ல மாட்டே? விடேன்டி!" என்று கோ நியோ கெஞ்சினான். சோற்றுக்கு எழுந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஊ தவுங் செயின் ஜாடியோடு அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊர் சொல்லி முடித்த பிறகு, தனியாக, உடைந்த குரலில் சொன்னாள்.

"சாது... சாது... சாது."

அவர் ஜாடியைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்த நீரை அவளுக்காக இன்னொரு முறை வார்த்தார்.