திரை காட்டிய இருபத்தாறு

தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளருக்கு மனிதர்களைவிடக் கருவிகள் மேல்தான் நம்பிக்கை அதிகம். கடைக்காரர் சத்தியம் செய்வார், தராசு செய்யாது என்பார். பொல்லாத ஆள் இல்லை. வேலை அவரை அப்படி ஆக்கிவைத்திருந்தது.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார் ஒன்று வாங்கியிருந்தார். பக்கவாதம் வந்த அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டும், இவருக்கோ ஆபீஸ். கம்பெனி மூடியதில் வேலை போய் வீட்டில் இருந்த அக்கா கணவர், "மாமாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தானாக முன்வந்தார். பெட்ரோல் போட ஆய்வாளரின் கார்டு. பில்லை மறக்காமல் காரிலேயே வைத்துவிடுவார் அத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பில்களைக் கூட்டி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தார். காரின் திரை லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் என்றது. பில்கள் இருபத்திரண்டைத் தாண்டவில்லை.

முதலில் பங்க் மேல்தான் சந்தேகம். மறுநாளே ஆபீஸ் அளவுக்கலனோடு போய் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. பங்க் ஒழுங்கு, கார் பொய் சொல்லாது. மிச்சம் இருந்தது அத்தானும் அவருடைய பழைய ஸ்கூட்டரும்.

"அத்தான், காரு இருபத்தாறுங்குது, பில்லு இருபத்திரண்டுங்குது. நடுவுல யாரு குடிக்கிறா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஊசி போடுகிறவர்களும் சிரித்துக்கொண்டுதான் போடுகிறார்கள்.

அத்தான் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "பாக்குறேன் மச்சான்" என்றார்.

அடுத்த மாதக் கணக்கு இருபத்தாறில் வந்து நின்றது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. "பாத்தியா? ஒரு வார்த்தைதான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் ஆய்வாளர் மனைவியிடம். அக்காவிடம் இதைச் சொல்லாமல் விட்டதைத் தன் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு அத்தானுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். ஆய்வாளர் லீவு போட்டுத் தானே கார் ஓட்டினார். பங்க்கில் பெட்ரோல் போடும் பெண் காரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வழக்கம்போல ரெண்டு பில்லா சார்?"

அவருக்குக் காது கூர்மையானது. "ரெண்டு எதுக்கு?"

"அந்த அண்ணன் அப்படித்தான் போடச் சொல்வாரு. முக்காவாசிக்கு மேல கார்டுல, மிச்சம் கைக்காசு. கார்டு பில்ல மட்டும் எடுத்துட்டுப் போவாரு."

"கைக்காசுக்குப் போட்டது ஸ்கூட்டருக்கா?"

"ஸ்கூட்டர வித்துட்டாரே சார். ரெண்டும் இதே டேங்க்லதான்."

டேங்க்கை நிரப்பிக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஓட்டினார். மறுபடி நிரப்பி வகுத்தார். இருபத்திரண்டு. திரை கூசாமல் இருபத்தாறு என்றது. ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதிக்கிறவர், கார் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டதை மட்டும் சோதிக்காமல் நம்பியிருந்தார். வெட்கமாக இருந்தது. தன் கேள்வி காதில் விழுந்ததும் அத்தான் சாவியை உருட்டிக்கொண்டு நின்ற நிலை கண்ணைவிட்டுப் போகவில்லை.

பார்க்கப் போனபோது அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தான்," என்றார் ஆய்வாளர் தணிந்த குரலில். "நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

அத்தானே தொடர்ந்து சொன்னார்.

"வேற டிரைவரப் போட்டுருவியோன்னு பயம். வேலை போனப்புறம், காலைல குளிச்சு சட்டை மாட்டிக் கிளம்புறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு மச்சான்." அத்தான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "உங்கக்காவுக்குத் தெரியாது. நீ என்னைய அப்படி நெனச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. விட்டுரு."

அக்கா தேநீரோடு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு கண்ணு ஆபரேஷனுக்கே எப்படி வாடிப்போய் உக்காந்திருக்கான் பாருங்க. உங்க மேல எவ்வளவு பாசம் இவனுக்கு."

"ஆமா" என்றார் அத்தான். "எனக்குத் தெரியாதா?"