கடைசிப் பத்தி

அன்று செவ்வாயா புதனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கடைசிப் பத்தி மட்டும் எழுத்துக்கு எழுத்து மனத்தில் நிற்கிறது.

அரசுச் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் எனக்கு அது பயிற்சியின் ஏழாவது வாரம். அங்கே யாரும் செய்திக்குறிப்பை வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. பழைய குறிப்பைத் திறந்து தேதியையும் இடத்தையும் மாற்றுவார்கள். நானும் மேற்குப் பகுதியின் பழைய குடிநீர்க் குறிப்பைத் திறந்து வடக்குப் பகுதிக்கு மாற்றினேன். வடக்குப் பகுதியின் குடிநீர்த் தொட்டியில் கழிவுநீர் கலந்திருந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று மூன்று பத்தி எழுதினேன். நான்காவது, பழையபடியே தங்கிவிட்டது: "குடிநீர் பரிசோதிக்கப்பட்டது. பொதுமக்கள் தயக்கமின்றிப் பருகலாம்."

கடைசிப் பத்தியை அங்கே யாரும் படிப்பதில்லை. அதிகாரியும் படிக்காமல் கையெழுத்திட்டார். ஐந்து பத்திரிகைகளுக்கும் போய்விட்டது.

நாலரை மணிக்கு ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, குடிக்கணுமா, கூடாதா? எங்க ஆளு கடைசி வரியைத் தலைப்பாப் போட்டு வச்சிருக்கான்."

குறிப்பை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்தேன். பக்கத்து மேசைத் தட்டச்சு அக்கா குறிப்பை வாங்கிப் பார்த்தார்.

"வாயைத் திறக்காத. பத்திரிகைக்காரங்க பக்கம் வந்த குழப்பம்னு நாளைக்குச் சொல்லிக்கலாம். சான்றிதழ் வேணுமா, வேணாமா உனக்கு?"

"வேணும்க்கா. ஆனா காலையில புள்ளைங்க குடிச்சிடுமே."

"பதினெட்டு வருஷமா இருக்கேன். தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு தாள் இங்கேருந்து போனதில்ல."

திருத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரி இருந்த கூட்ட அறைக்கு ஓடினேன். கையெழுத்து இல்லாமல் பத்திரிகைகள் ஏற்காது. ஆறு மணிக்குப் பக்கங்களை முடித்துவிடுவார்கள். சீட்டு அனுப்பியதும் அதிகாரி வெளியே வந்தார். நடைவழியில் நின்றபடி படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

முதலில் போன குறிப்பையும் நீட்டினேன்.

"சொல்லும்மா. யாரோடது?"

"உங்களோடது சார்."

தாளைச் சுவரில் வைத்தார். 'பயிற்சியாளரின் தவறு' என்று நான் எழுதியிருந்ததை அடித்து, 'எங்கள் தவறு' என்று மாற்றிக் கையெழுத்திட்டார்.

"மெயில் அனுப்பிட்டு உட்கார்ந்துடாத. ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே பேசு."

பேசினேன். முதலில் அந்த நிருபர்.

"உங்க ஆபீஸ்ல தப்பா? சொன்னா யாரு நம்புவா?"

"நடந்திருச்சு சார். மாத்துவீங்களா?"

"மாத்தியாச்சு. போனை வை, அடுத்தவனைக் கூப்பிடு."

நான் எண்ணைத் தேடுவதற்குள் அக்கா அதை அழுத்தி ரிசீவரை என் கையில் கொடுத்தார். மிச்ச மூன்று எண்களையும் அவர்தான் அழுத்தினார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஐந்தும் முடிந்தன. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு உரிமை இருக்கிறது என்று முதன்முறையாகத் தோன்றியது. மறுநாள் அம்மா பத்திரிகையில் வந்த அந்தச் சின்னத் திருத்தத்தைப் பக்கத்து வீடுகளில் காட்டினாள். "தப்பு என் பொண்ணோடது. திருத்தினதும் அவதான்."

அந்த வாரம் வடக்குப் பகுதியில் யாரும் நோயில் விழவில்லை. மேலிடத்திலிருந்து அதிகாரியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்; கொடுத்தார், இரண்டு ஆண்டு கழித்து ஓய்வு பெற்றார். அக்கா கண்காணிப்பாளர் ஆனார். நிருபர் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி நடத்துகிறார். எனக்குச் சான்றிதழ் மூன்று வாரம் தாமதமாக வந்தது. இப்போது அதே அலுவலகத்தில் செய்திக்குறிப்புகளுக்குக் கையெழுத்திடுகிறேன்.