மாட்டுப்பண்ணைக்கு ஒரு கை குறைவு

பாலைவனத்தில் இருக்கும் எய்ன் ரோத்தெம் கூட்டுப்பண்ணையில் எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு. நாய் வளர்க்கலாமா என்பதற்கே இரண்டு சனிக்கிழமை அடித்துக்கொண்டார்கள். இந்தச் சனிக்கிழமை மாட்டுப்பண்ணையை மூடுவதா என்று கேட்கப் போகிறார்கள். சரிசமமாக வந்தால் பழையபடியே தொடரும். நேரில் வராதவர் ஓட்டு செல்லாது.

முப்பத்தொரு வருடமாக நஃப்தலிதான் அந்த மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். உப்பு மண்ணை இரண்டு வருடம் கழுவிப் போட்ட வெங்காயம் விலை போகாமல் அழுகியபோது, எல்லோரையும் பிழைக்க வைத்தது பால்தான். இப்போது அதைச் சொன்னால் யார் காதில் ஏறுகிறது? தீவனம் வடக்கிலிருந்து லாரியில் வருகிறது. வெயிலுக்கு மாடுகளுக்கு மின்விசிறி வேண்டும். எல்லாச் செலவும் பண்ணையின் பேரீச்சந்தோப்பு வருமானத்தின் தலையில்.

"பேரீச்ச மரம் உதைக்காது, சாணி போடாது," என்று செயலாளர் கியோரா சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லிச் சிரித்தார். நஃப்தலிக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் ஏழு மணிக்கு. கறவையும் அப்போதுதான். நூற்றெண்பது மாடுகளின் மடி கூட்டம் முடியும்வரை காத்திருக்காது. அன்றைய முறைக்கு வந்த இலானித்தையும் இன்னொருவனையும் நஃப்தலி வெளியே துரத்தினார்.

"போய்க் கை தூக்குங்க. நான் ஒத்தையா மெஷின்ல கறந்துக்கறேன்."

"உன் ஓட்டு போயிடுமே," என்றாள் இலானித்.

"ஒண்ணு போனா ரெண்டு வருது. போ."

மனைவி யோகெவெத்தை அவர் கேட்கவே இல்லை. சொந்த மனைவியின் ஓட்டை யார் போய்க் கேட்பார்கள்?

ஒன்பது மணிக்கு இலானித் திரும்பி வந்தாள். "மூடறதுக்கு நாப்பத்தொண்ணு. வேண்டாம்னு நாப்பது." கொஞ்சம் தயங்கினாள். "யோகெவெத் மூடச் சொல்லித்தான் தூக்கினா."

அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். யோகெவெத் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே. முப்பத்தொரு வருஷமா விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சுப் போற. ஒரு நாளாவது கேட்டியா? முதுக நிமித்த முடியல உன்னால. மத்தவங்க எதுக்குத் தூக்கினாங்களோ எனக்குத் தெரியாது. எனக்கு நீ வேணும், அவ்வளவுதான்."

அவருக்குக் கோபம் கொப்பளித்தது. கத்த வாயெடுத்தவருக்கு இடுப்பில் சுரீர் என்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மாடுகளுக்காக நாற்பது பேர் கை தூக்கியிருக்கிறார்கள். அவருக்காகத் தூக்கியவள் ஒருத்திதான், அவளும் எதிர்ப்பக்கம்.

யோகெவெத் குனிந்து அவருடைய பூட்ஸைக் கழற்றினாள்.