மெல்ல ஆளில்லாத வெற்றிலை

உஷங்கானித் தீவில் ஸுஹூரா டீச்சர் போட்ட நாடகம் ஒரு மாலைத் தொழுகைக்குப் பின் தொடங்கியது. இரண்டு வடக்குக் காற்றுக் காலம் கழிந்தும் முடியவில்லை. துறைமுகத்துப் பழைய சுங்கக் கொட்டகையின் மேடையில் படகோட்டி அத்மானும், அல்வாக் கடை மைமூனாவும் இன்னும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் யோசிக்கும் நேரத்தில் மற்றவர் சாப்பிடுவார், உட்கார்ந்தபடியே தூங்குவார். கொட்டகைக்குப் பின்னாலுள்ள கிணற்றடி வரை போகலாம், குளிக்கலாம். அதைத் தாண்டினால் கால் தானாகத் திரும்பி மேடைக்கே கொண்டுவந்து விட்டுவிடும். இதில் ஊருக்கு ஒரு சிரமமும் இல்லை. மீன் விலை ஏறியது, இறங்கியது. மஹம்ரிப் பணியாரம் சுடுகிறவள் கடையைக் கொட்டகை வாசலுக்கே மாற்றிக்கொண்டாள். காப்பிக்காரர் பித்தளைக் கூஜாவோடு உள்ளேயே சுற்றினார். சிரமமெல்லாம் ஸுஹூராவுக்குத்தான். நாடகத்தை எழுதியவளும் அவள், இயக்கியவளும் அவள், அத்மானைக் கட்டிக்கொண்டவளும் அவள். வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால், "நாடகத்துல இருக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

நாடகம் புவானா ஷாலேயையும் அவர் மனைவி முவானா பராக்காவையும் பற்றியது. ஓமான் கப்பல்கள் வந்துபோன காலத்தில் வாழ்ந்த கவிஞர்கள், இரண்டு பேரும். ஒரு விடியற்காலை அவர் அரபுக் கரையிலுள்ள முகல்லாவுக்குக் கப்பலேறினார். போகும்போது எழுப்பிச் சொல்லிக்கொள்ளவில்லை என்றாள் அவள். எழுப்பினேன், நீதான் அசையவில்லை என்றார் அவர். அவ்வளவுதான் சண்டை. திரும்பி வந்தவர் மேல்பேட்டையில் தனி வீடு பார்த்துக்கொண்டார். அவள் கடல்பேட்டையிலேயே இருந்தாள். மிச்ச ஆயுள் முழுக்க இதைப் பற்றியே ஒருவருக்கொருவர் பாட்டு எழுதினார்கள். உலகத்தில் எத்தனையோ இருக்க, இதைப் பற்றி. ஆனால் என்ன பாட்டு! "வாசலில் நின்று அழைத்தேன், உன் வளையல்கூட அசையவில்லை" என்பது அவருடையது. "வளையலைக் கேட்ட காதுக்கு என் மூச்சு கேட்கவில்லையா" என்பது அவளுடையது. இன்றைக்கும் இங்கே கைக்குழந்தையை அதைச் சொல்லித்தான் தூங்க வைக்கிறார்கள்.

இங்கே இரண்டு பேர் பாட்டில் மோதினால் நடுவில் ஒரு வெற்றிலைத் தட்டு வைப்பது வழக்கம். தட்டு இருக்கும்வரை ஒவ்வொரு பாட்டுக்கும் பதில் வந்தாக வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவர் வந்து அந்த வெற்றிலையை எடுத்து மென்று, நியாயம் யார் பக்கம் என்று சொன்னால் சண்டை முடிந்தது. மென்றவர் சொன்னது சொன்னதுதான். தோற்ற பக்கம் மென்றவரை உயிருள்ளவரை மன்னிக்காது என்பதால், புத்தியுள்ள எவரும் அந்தத் தட்டுப் பக்கம் போவதில்லை. ஷாலேயும் பராக்காவும் செத்தும் போனார்கள். இரண்டு பேட்டைக்கும் இடையிலிருந்த சந்தில் அவர்களுடைய தட்டு மட்டும் கிடந்தது. பிறகு அதுவும் காணாமல் போயிற்று. எடுத்தது எந்தப் பேட்டைக்காரன் என்பதற்கு ஒரு தனிச் சண்டை உண்டு. அந்தப் புண்ணியவான்கள் விட்டுப்போன சொத்து இதுதான்: இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு நினைவு விருந்து, ஒரே சண்டைக்கு இரண்டு கதை. மேல்பேட்டைக்குக் கடல்பேட்டையில் பெண் எடுப்பது அபூர்வம். ஸுஹூரா கடல்பேட்டைப் பெண், அத்மான் மேல்பேட்டை. அந்தக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் தனித்தனி அண்டாவில் தேங்காய்ச்சோறு வடித்தார்கள்.

ஸுஹூரா எழுத நினைத்தது அவர்களுடைய பிரியத்தைப் பற்றி. இவ்வளவு காலம் ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் எழுதினார்களே, அதற்குப் பெயர் வேறு என்ன என்பது அவள் கேள்வி. நாடகம் போடச் சொன்ன ஊர் விழாக் கமிட்டிக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. கடைசிப் பாட்டு யாருக்கு என்பது மட்டும்தான் தேவைப்பட்டது. தலைவர் ஃபாமாவ் மேல்பேட்டைக்காரர், பெரியவர் என்பதால் ஊருக்கு அவர் ம்ஸே. கடைசி வார்த்தை ஷாலேயுடையதாக இல்லாவிட்டால் நாற்காலி தரமாட்டேன் என்றார். நாற்காலி மேல்பேட்டைப் பள்ளிக்கூடத்துடையது. ஜெனரேட்டர் கடல்பேட்டைக்காரருடையது, பராக்காவுக்குக் கடைசி வார்த்தை இல்லையென்றால் டீசல் ஊற்ற மாட்டோம் என்றார்கள். ஸுஹூரா முடிவை எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். ஒரு நாள் ஒத்திகைக்குப் பராக்காவாக நடிக்கும் மைமூனா வந்தால் ஷாலேயாக நடிக்கும் அத்மான் படகில் இருப்பான். அவன் வந்தால் மைமூனாவின் அல்வா அடிபிடிக்கும். இரண்டு பேரும் வந்த நாளில் மின்சாரம் இருக்காது. போதாததற்கு அத்மான் வேறு, நாடகத்துக்கு முந்தைய இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ என்ன வேணா எழுதும்மா. ஜனங்க வர்றது வசவு கேக்கத்தான்" என்றான். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கடைசியில் அவள் கண்டுபிடித்த முடிவு இது: யாருக்கும் கடைசிப் பாட்டு கிடையாது. இருவரும் ஒன்றும் பேசாமல் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள், திரை விழும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்திகைத் தட்டில் இருந்தது பிளாஸ்டிக் இலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மைமூனாவுக்குச் சிரிப்பு வந்தது. நாடகத்தன்று ஆத்திரத்தில் ஸுஹூரா சந்தைக்குப் போய் நிஜ வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிராம்பு எல்லாம் வாங்கி, மல்லிகை தூவித் தட்டைச் சோடித்து மேடை நடுவில் வைத்துவிட்டாள். மோதிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு நடுவே சோடித்த தட்டை வைத்தால் அது நாடகச் சாமான் ஆகாது என்று இந்தத் தீவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஸுஹூராவுக்கும் தெரியும். அலுப்பில் மறந்துபோனாள். வெற்றிலை விற்றவள் பார்த்தாள், விளக்குக்காரர் பார்த்தார், ஃபாமாவ் முன் வரிசையிலிருந்து பார்த்தார். வேறு யாராவது சொல்லுவார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. அத்மான் தட்டைத் தூக்கவில்லை. வாயைத் திறந்து, ஸுஹூரா எழுதாத, யாரும் கேட்டிராத ஒரு பாட்டைச் சொன்னான். குரல் அவனுடையதுதான், மொழி நூறு வருஷத்துக்கு முந்தையது. மைமூனா கண்ணை மூடி யோசித்து, அதே எதுகையில் திருப்பிக் கொடுத்தாள். கூட்டம் எழுந்து நின்றது. "அப்படிப் போடு தாயே!" என்று கடல்பேட்டைப் பெண்கள் குலவையிட்டு மேடையேறி அவள் தலைத்துணியில் ஷில்லிங் நோட்டைக் குத்தினார்கள். மேல்பேட்டை சும்மா இருக்குமா, அத்மானின் சட்டையே தெரியாமல் போயிற்று. ஸுஹூரா திரையை இறக்கச் சொன்னாள்; கடல் காற்று அதைத் தூக்கிக் கூரையில் போட்டது. ஜெனரேட்டரை அணைத்தாள், இருட்டில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்டது. மறுநாள் படகுத்துறை ஆட்கள் சேர்ந்து அத்மானைத் தூக்கிப் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய படகு போலக் கனத்தான். போலீஸ்காரர் விசாரிக்க வந்து, உட்கார்ந்து, சாயங்காலம்வரை கேட்டுவிட்டுப் போனார். தட்டிலிருந்த வெற்றிலை வாடவே இல்லை.

இதை முடிக்க ஒரு வழிதான் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஸுஹூரா ஃபாமாவின் வீட்டுக்குப் போனாள். "தலைவர் நீங்கதானே ம்ஸே? வந்து மென்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். "எனக்குப் பல்லு ஏதும்மா?" என்றார் அவர், மாட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டே. ஒருவருக்கு வயிற்றுப்புண், ஒருவருக்கு நேர்த்திக்கடன் நோன்பு, இன்னொருவருக்கு டாக்டர் வெற்றிலையே ஆகாது என்று சொல்லிவிட்டாராம். உண்மை என்னவென்றால் நாடகம் முடிவதை யாரும் விரும்பவில்லை. அது முடியாதவரை இரண்டு பேட்டைக்கும் தோல்வி இல்லை. மொம்பாசாவிலிருந்து படம்பிடிக்க வந்த ஒருவர், விஷயம் தெரியாமல் ஒரு வெற்றிலையை மென்று, இருவருமே சிறந்த கவிஞர்கள் என்று சொல்லிவைத்தார். வாய் வெந்து கொப்புளித்து அடுத்த படகிலேயே போய்விட்டார். தட்டில் அந்த இலை மறுபடி இருந்தது. தெரியாமல் சொல்கிற தீர்ப்பு செல்லாது என்பது அப்போது தெரிந்தது. தெரிந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? ஸுஹூராவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் போயிடாதடி. யார் பக்கம் சொன்னாலும் ஒரு வீடு உனக்கு இல்லாமப் போயிடும்" என்று அழுதாள்.

அவள் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். இரண்டு பாட்டுக்கு நடுவில் அத்மான் சில சமயம் அத்மானாகவே மேலே வருவான், முத்துக்குளிக்கிறவர் மூச்சுக்கு வருவது போல. அந்த நேரத்துக்குள் குடும்பம் நடத்த வேண்டும். "நூரு அப்பா, குழாய் ஒழுகுது" என்பாள். "வாஷரை மாத்து" என்பான், அதற்குள் போய்விடுவான். மைமூனாவுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "அக்கா, சத்தியமா நான் இல்லக்கா. வாய் தானா தொறக்குது" என்று அவள் ஒருநாள் அழுதபோது ஸுஹூராவுக்குக் கோபிக்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. படகு கரையிலேயே கிடந்து அடிப்பலகை உளுத்தது. மகள் நூருவுக்கு அப்பா வீட்டில் இல்லாமலே பல் விழுந்து பல் முளைத்தது. பிரியத்தைப் பற்றி நாடகம் எழுதியவள் பிரியப்பட்டவனோடு ஒரு வாய்ச் சண்டை போட முடியாமல் கிடந்தாள்.

இரண்டாம் வடக்குக் காற்று ஓய்ந்த ஒரு மத்தியானம், நண்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே அத்மான் மேலே வந்தான். என்ன நினைத்தானோ, "நாடகத்தன்னிக்குக் காலையில படகுக்குப் போறப்ப உங்கிட்ட சொல்லாமப் போயிட்டேன். நல்லாத் தூங்கிட்டு இருந்தே" என்றான்.

"நான் தூங்கல."

"கண்ண மூடித்தானே இருந்தே?"

"நீங்க முந்தின நாள் பேசின பேச்சுக்கு முழிச்சுப் பாக்கணுமாக்கும்! எழுப்புவீங்க, எழுப்பினா மூஞ்சியத் திருப்பிக்கலாம்னு இருந்தேன். நீங்க வாசல்ல நின்னீங்க. ரொம்ப நேரம் நின்னீங்க. அப்புறம் போயிட்டீங்க."

"மூஞ்சியத் திருப்பிக்குவியோன்னுதான் கூப்பிடல" என்றான் அத்மான். அடுத்த வார்த்தைக்குள் புவானா ஷாலே வந்துவிட்டார். வாசலில் நின்று அழைத்தேன் என்று ஆரம்பித்தார்.

ஸுஹூரா தூக்குச்சட்டியை மூடி வைத்தாள். எழுந்து மேடை நடுவுக்கு வந்து, தட்டிலிருந்து இரண்டு இலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் கிராம்பும் வைத்து மடித்து வாயில் போட்டாள். மஹம்ரி எண்ணெயில் தீய்ந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பக்கம், யார் பக்கம் என்று இரண்டு வரிசையிலும் எழுந்துவிட்டார்கள். அவள் அவசரப்படாமல் மென்றாள். வாய் வேகவில்லை.

"ரெண்டு பேருமே பொய்" என்றாள். "அவரு கூப்பிடவே இல்ல. அவ தூங்கவே இல்ல. ரெண்டு பேருக்கும் அது தெரியும்."

கொட்டகையில் கடல் சத்தம் கேட்டது. அது இத்தனை காலம் கேட்காமல் இருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தட்டிலிருந்த வெற்றிலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு பழுத்தது. மைமூனா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடியைத் தாண்டி ஓடினாள். அத்மான் மிச்சக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் வாஷர் விஷயத்தில் இருவருக்கும் சண்டை.

இரண்டு பேட்டையும் ஸுஹூராவோடு பேசுவதில்லை. தோற்றது ஒரு பக்கமாக இருந்தால் மற்ற பக்கமாவது அவளைக் கொண்டாடியிருக்கும். அவள் வாய்ச் சிவப்பு எத்தனை தேய்த்தும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். இப்போது அத்மான் விடியற்காலையில் படகுக்குக் கிளம்பும்போது கட்டிலருகே வந்து, "போயிட்டு வரேன்" என்கிறான். ஸுஹூரா கண்ணைத் திறக்காமல், "சரி, போங்க" என்கிறாள். கொஞ்ச நேரத்தில், பூட்டிக்கிடக்கும் சுங்கக் கொட்டகைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் பழைய மொழியில் போய் வருகிறேன் என்கிறது. ஒரு பெண் குரல் போய் வா என்கிறது. அக்கரைக்குப் போகும் முதல் படகு அதைக் கேட்டபின்தான் கயிறு அவிழ்க்கும். தாமதமானால் பயணிகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கொட்டகையைப் பார்க்கிறார்கள்.