பனியனை மோந்த உண்ணிகள்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு பனியன், ஒரு மாட்டு டாக்டரம்மாவின் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

நாயின் காதுக்குள் மிளகு போல ஒட்டிக்கொண்டிருக்குமே உண்ணி, அதற்கு மூக்கு முகத்தில் கிடையாது. முன்னங்காலில்! புல் நுனியில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு, யார் மூச்சு, யார் வியர்வை என்று காற்றை மோந்தபடி நிற்கும்.

டாக்டரம்மா உண்ணியை விரட்ட ஒரு தைலம் செய்திருந்தாள். சோதித்துப் பார்க்கக் கவட்டை போலப் பிரியும் கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் தைலம் தடவிய காகிதத் துண்டு, மறுகிளையில் வெறும் துண்டு. அடியில் விட்ட உண்ணி பிடித்த பக்கம் போகும். தைலம் தோற்றால் அவளுடைய ஆய்வு அறையைப் பிடுங்கி உடைந்த நாற்காலிகளை அடுக்கிவிடுவேன் என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சொல்லியிருந்தார். சொன்னபடி பார்க்கவும் வந்துவிட்டார்.

முதல் உண்ணி கையைத் தூக்கி மோந்தது. தைலத்தின் பக்கம் குடுகுடுவென்று ஓடியது. பின்னாலேயே மற்ற ஒன்பதும், பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில்.

“ஏம்மா, இது விரட்டுற மருந்தா, விருந்துக்குக் கூப்புடுற மருந்தா?” என்றார் இயக்குநர்.

டாக்டரம்மா தைலத் துண்டை இடுக்கியால் எடுத்துப் பார்த்தாள். காகிதம் இல்லை, துணி!

“அண்ணே, இது என்ன?”

உதவியாளருக்கு ஆபீஸ் முழுக்கச் ‘சிக்கனம்’ என்றுதான் பேர். தலையைச் சொறிந்தார். “காகிதம் ஒண்ணுதாம்மா மிச்சம். அதை அந்தப் பக்கம் வச்சேன். இந்தப் பக்கத்துக்கு நம்ம பனியன் ஓரத்துல கொஞ்சூண்டு…”

“துவைச்சதா?”

“சனிக்கிழமை துவைக்கலாம்னு.”

“இன்னிக்கு வியாழக்கிழமைண்ணே! தைலமாவது ஒழுங்கா ஊத்துனீங்களா?”

“வீணாகுமேன்னு ஒரே ஒரு சொட்டு.”

இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சரி, அறையைக் காலி பண்ணிரலாமா?”

“சார், ஒரு நிமிஷம். காட்டுல காகிதமா நடந்து போகுது? மனுஷந்தானே போறான். இப்பதான் சரியான சோதனையே கிடைச்சிருக்கு. அண்ணே, சட்டையைக் கழட்டுங்க!”

“ஐயோ, சார் முன்னாடியா?”

சாரே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பனியனில் சரிசமமாய் இரண்டு துண்டு. ஒன்றில் மட்டும் தைலம், இந்த முறை முழு அளவு. கழுவிக் காயவைத்த வேறு குழாய், புதிதாய்ப் பத்து உண்ணிகள்.

ஒன்பது வெறும் பனியனுக்கு ஓடின. பத்தாவது கவட்டையிலேயே கையைத் தூக்கியபடி நின்றுவிட்டது. தைலத்தின் பக்கம் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை.

“அறை உங்களுக்குத்தாம்மா,” என்றார் இயக்குநர். “ஆனா ஒண்ணு. மிச்ச சோதனை முடியற வரைக்கும் அந்தப் பனியனைத் துவைக்கக் கூடாது.”

“சார், வீட்டுக்காரி என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டா!”

“அப்ப அந்தக் குழாய்ல அடுத்து உங்க வீட்டுக்காரியை விட்டுப் பார்ப்போம்,” என்றாள் டாக்டரம்மா.

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டு ஆடு மாடு, நாய் பூனை, குஞ்சு குளுவான் எல்லாம் நோய் நொடி அண்டாமல், வயிறு நிறைந்து, சிரித்துக்கொண்டு கிடக்கட்டும், என் செல்லங்களே.