வடக்குப் பக்கத்து ஸ்கெல்தர்ன்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். சொன்னவர் ஆல்வின் ஸ்கெல்தர்ன், எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். பட்டாணி பயிரிட்டு ஓய்ந்தவர், எண்பதைத் தொட்டவர். எதைக் கேட்பதானாலும் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டித்தான் கேட்பார்.

"நீ எழுதறவதான?"

"தமிழ்ல எழுதறேன், ஆல்வின்."

"எதுலயோ எழுதற இல்ல. எங்க குடும்பப் பேரு எப்படி வந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம், ஒரு பக்கம் எழுதிக் குடு. இங்கிலீஷ்ல. என் மவ படிக்கணும். படிச்சாலாவது உறைக்குதா பாப்போம்."

என்ன உறைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அவருடைய ஒரே மகள் ஹில்லரி, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், கேசி என்ற எட்டு வயதுப் பெண்ணைத் தத்தெடுக்கிறாள். அடுத்த வாரம் நீதிமன்றத்தில் ஆணை. அத்தோடு குழந்தைக்கு ஸ்கெல்தர்ன் என்ற பெயரும் போகும். வீட்டைக் கொடு, நிலத்தைக் கொடு, பெயரை மட்டும் கொடுக்காதே என்கிறார் ஆல்வின்.

ஹில்லரியும் லேசுப்பட்டவள் அல்ல. "சரிப்பா. அவளுக்கு இல்லாத பேரு எனக்கும் வேணாம். நாங்க ரெண்டு பேரும் வேற பேரு வச்சுக்கறோம். உன் பேர நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டாள். உலகத்தில் மிச்சமிருக்கும் ஸ்கெல்தர்ன்கள் இந்த அப்பாவும் மகளும்தான்.

(ஸ்கெல்தர்ன் என்று எங்கும் தேடிப் பார்க்காதீர்கள். அவர்கள் பெயர் வேறு. ஊர்ப் பெயரும் அதுவே என்பதால் ஊரையும் மாற்றியாயிற்று. யார்க்‌ஷயரின் கிழக்குக் கரை என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இந்தக் கதைக்குக் கடல் கிழக்கே இருந்தாக வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: 'பாதி ஊரைக் கடல் தின்ற பிறகும், ஸ்கெல்தர்னின் பிரபுக்கள் அலைகளை எதிர்த்து—'

அடித்துவிட்டேன். இது என் குரல் அல்ல. ஆல்வின் வீட்டுக் கணப்புக்கு மேலே தொங்குகிற கண்ணாடிச் சட்டத்தின் குரல். ஏதோ ஒரு கண்காட்சியில், குடும்பச் சின்னம் அச்சடித்துத் தரும் ஒருவனிடம் வாங்கிய சட்டம் அது.

"உங்க பேரு கம்ப்யூட்டர்லயே இல்லையே, சார்" என்றானாம் அவன். அவ்வளவு அபூர்வம் என்று ஆல்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சிங்கமும் நங்கூரமும் தயாராகிவிட்டன. கீழே அர்த்தமும் போட்டிருந்தான்: கடலைத் தடுத்து ஆண்டவர்.

இரண்டாவது தொடக்கம்: 'பெயர் என்பது—'

பெயர் என்பது, காலம் என்பது, என்று தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன். உங்களை எப்படிப் படிக்கச் சொல்வேன்?

எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும். யார் எங்கே நின்றார்கள், வெயிலா மழையா என்பதெல்லாம் பிறகு நான் ஒட்டவைப்பது. ஆகவே யாராவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். மாவிஸ் திறந்தாள்.

3

மாவிஸ் தேவாலயத்துக்குப் பூ வைக்கிறவள். ஆல்வினோடு ஒரே பள்ளியில் படித்தவள், அந்த உரிமையில் அவரை எதுவும் சொல்வாள். (இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பொய் என்று இந்தப் பகுதியிலேயே தெரியவரும்.)

கல்லறைத் தோட்டத்துப் புல்லை ஊரே சேர்ந்து வெட்டும் சனிக்கிழமை. தேவாலயக் கட்டடத்தின் வடக்கே, எப்போதும் நிழலும் பாசியுமாகக் கிடக்கும் பக்கத்தில், தனியாக நிற்கும் ஒரு கல்லருகே ஆல்வின் என்னை நிறுத்தினார்.

"எங்க குடும்பத்துல மொத ஆளு, ஜேக்கப். ஊர்ல எல்லாரும் தெக்குப் பக்கம் வெயில்ல படுத்திருக்காங்க. இவரு மட்டும் இங்க. ஏன்னு கேளு."

"ஏன்?"

"கடலப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு கேட்டு வாங்கின எடம். முழுகினதெல்லாம் அவரு ஆண்ட பூமியாச்சே!"

பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் போனார். மாவிஸ் கத்தரியைத் துடைத்தபடி கேட்டாள்:

"கடல் எந்தப் பக்கம், கண்ணு?"

"கிழக்க."

"இங்க படுத்திருக்கறவங்க எல்லாம் காலு நீட்டியிருக்கறது?"

"அதுவும் கிழக்கதான்."

"அப்ப தெக்குப் பக்கம் படுத்தா மட்டும் கடலு மறைக்குதா?"

நான் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வடக்குப் பக்கம் யாரப் போடுவாங்க? கரையில ஒதுங்கின மாலுமி. ஞானஸ்நானம் வாங்காத புள்ள. தானா உசுர மாய்ச்சுக்கிட்டவன். யாருன்னே தெரியாதவன்."

"இதுல ஜேக்கப் யாரு?"

"கோயில் வாசல்ல கெடந்த பச்சப்புள்ள. எங்களுதுன்னு யாரும் வரல. அப்பல்லாம் அந்த மாதிரிப் புள்ளைக்கு ஊர்ப் பேரத்தான் வைப்பாங்க. வளக்கறது ஊரு, அதனால பேரும் ஊரோடது. கல்லு பிற்பாடு வந்தது, அவரு புள்ளைங்க தலையெடுத்தப்புறம். நீயே யோசியேன், எவனாவது சொந்த ஊருக்குள்ளயே ஊர்ப் பேர வச்சுக்கிட்டுத் திரிவானா?"*

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். ஆல்வினத் தவிர."

"ஒருத்தர் கூடவா சொல்லல?"

"அவன் கேட்டதில்லையே!"

நம் ஊராக இருந்தால் முதல் வரப்புச் சண்டையிலேயே இது வெளியே வந்து விழுந்திருக்கும். இங்கே கேட்காததைச் சொல்வது அநாகரிகம். பொய்யைச் சொன்னால்கூட மன்னிப்பார்கள். கேட்காத உண்மையைச் சொன்னவளுக்கு மறுவாரம் பூ வைக்கும் முறை வராது.

* ஆதாரம் உண்டா என்றால், ஊர்வாய்தான். சிங்கத்துக்கும் நங்கூரத்துக்கும் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

4

இந்த இடத்தில் எனக்கு ஆல்வின் நல்லவரா கெட்டவரா என்று சந்தேகம் வந்தது. ஒரு குழந்தைக்குப் பெயர் தர மறுக்கிற கிழவர் என்றால் அவரைக் கொடியவராக எழுதுவது சுலபம். எழுதியும் பார்த்தேன். 'அவருடைய கண்களில் இரக்கத்தின்—' ஆள் அந்த வாக்கியத்துக்குள் உட்கார மறுத்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது வேறு:

"அந்தப் புள்ளைக்கு நான் என்ன கொற வச்சேன்? முயலுக்குக் கூண்டு அடிச்சுக் குடுக்கல? பட்டாணி உரிக்கச் சொல்லிக் குடுக்கல? ஆனா பேருங்கறது ரத்தம், ஹில்லரி."

"ரத்தத்த வச்சு பிளாக் புட்டிங் சாசேஜ் பண்ணலாம்ப்பா. வேற எதுக்கும் ஆகாது."

"சிரிச்சுக்க. எனக்கு அப்புறம் அந்தக் கல்லுக்கு யாரு சொந்தம்னு சொல்லு பாப்போம்."

"கேசிதான். வேற யாரு?"

பிறகு ஒரு வாளி நகர்ந்த சத்தம் மட்டும்.

சரி, முடிவுகளுக்கு வருவோம். கைவசம் சில இருக்கின்றன.

நான் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன். ஆல்வின் படிக்கிறார், உட்கார்கிறார். தாமே வாசலில் கிடந்த பிள்ளையின் வம்சம் என்றால் எந்த வாயால் மறுப்பது? கேசிக்குப் பெயர் கிடைக்கிறது. கச்சிதம். ஆனால் பெயர் கிடைத்தது அவர் மனம் இளகியதால் அல்ல, தோற்றதால். எண்பது வயதுக்காரரின் காலடிக் கல்லை உருவி ஒரு குழந்தைக்கு வீடு கட்டலாமா? தவிர, ஊரே காத்துவந்த மௌனத்தை, இங்கே வந்து குடியேறிய நானா உடைப்பது?

சிங்கத்தையும் நங்கூரத்தையுமே நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். ஆல்வின் நன்றி சொல்லி, ஒரு பை பட்டாணி கொடுக்கிறார். ஹில்லரி வேறு பெயருக்குப் போகிறாள். வாசலில் கிடந்தவனுக்கு ஊர் கொடுத்த பெயர் ஆல்வினோடு மண்ணுக்குப் போகிறது. யாரும் யாரையும் புண்படுத்தவில்லை.

அல்லது, ஆல்வினுக்கு எல்லாம் முன்பே தெரியும். இது வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் தெரிந்திருந்தால் அந்தக் கல்லின் முன் அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்க மாட்டார். வேண்டாம்.

5

நான் முடிவு செய்வதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

"மழ புடிச்சுக்கிச்சு. இவ ஆத்தா வேலைக்குப் போயிட்டா, அதான் கூட்டியாந்தேன்" என்றார் ஆல்வின். "கால நல்லாத் தொட புள்ள, உள்ள கம்பளம் விரிச்சிருக்கு."

கேசி துடைத்தாள். ஒரே காலை இரண்டு தடவை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒரு பக்கம்?"

"கூடப் போயிருச்சு."

"போகட்டும். சாமானியப் பேரா?"

"நாங்க கல்லப் பாத்துட்டுத்தான் வர்றோம்" என்றாள் கேசி.

"நான்தான் காட்டினேன். பேருன்னா என்னன்னு இவளுக்கும் தெரியணுமில்ல?"

"மத்த கல்லுல எல்லாம் இன்னார் மகன்னு போட்டிருக்கு. நான் எல்லாத்தையும் படிச்சேன். ஜேக்கப்புக்கு மட்டும் போடல." மழைத்தொப்பியைக் கழற்றாமலே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவரோட அம்மா யாரு?"

ஆல்வின் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கல். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, போடலதான்" என்றார். "நீ எழுதினவளாச்சே. சொல்லு. அவரு அம்மா யாரு?"

இதுவரை இந்தக் கதையில் எல்லாருடைய குரலும் எனக்குக் கேட்டது. இங்கே பேச வேண்டியவள் நான், என் குரல் மட்டும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம்; ஒரு வாக்கியம். எண்பது வயதுக்காரரும் எட்டு வயதுக்காரியும் ஒரே குடையின் கீழ் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடியதாக இருக்கட்டும். மேற்கோள் குறியை நான் திறந்து தருகிறேன்.

"அவரோட அம்மா